அம்மா வாயில் வராத பெயர்கள்

“ஐப்பசி 21, புதன். காலையில் தூறல். குழந்தைக்குப் பெயர் இன்னும் முடிவாகவில்லை. முடிவாகிவிட்டது என்கிறார் அப்பா. அம்மா ரசச் சட்டியை இறக்கிவைத்த சத்தம் வாசல் வரை கேட்டது.”

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான். தேதி போட்டுக் குறித்துவைப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம். சேலத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை, ஃபேர்லேண்ட்ஸில் வீடு. வேலை நேரத்தில் புத்தகத்துக்கு எண் போடுகிறேன், மற்ற நேரத்தில் குடும்பத்துக்குத் தேதி போடுகிறேன் என்று தம்பி சொல்லுவான். கிண்டல் இருக்கட்டும். தோட்டத்தில் போர் போட்டது எந்த மாதம், பெரியப்பா வீட்டுக் கல்யாணம் எந்தத் தை என்று சந்தேகம் வந்தால் அவனும் எனக்குத்தான் போன் போடுகிறான்.

இது முழுக்கப் பெயர்களைப் பற்றிய கட்டுரை. ஆனால் எங்கள் வீட்டு மனிதர் ஒருவர் பெயரும் இதில் வராது. காரணம் அம்மா. அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எதையும் வாய்விட்டுத்தான் படிப்பாள். செய்தித்தாளில் சிமெண்ட் விளம்பரத்தைக்கூட முணுமுணுத்து முடித்துவிட்டுத்தான் பக்கத்தைத் திருப்புவாள். நான் எழுதுவதையும் அப்படியே படிப்பாள். நடுவில் அப்பாவின் பெயர் வந்தால் அங்கேயே நின்றுவிடுவாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ வைத்தது போல எழுந்து போய்விடுவாள். மீதிக் கட்டுரை அவளுக்குத் தெரியாமலே போகும்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் புருசன் பெயரைச் சொல்லமாட்டார்கள். மாமனார் மாமியார் பெயரையும் சொல்லமாட்டார்கள். இப்போது யாரும் இதையெல்லாம் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. என் தம்பி மனைவி என் தம்பியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், அதுவும் பாதிப் பெயரை. அம்மா முழுவதையும் கடைப்பிடிக்கிறவள்.

இதோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. வீட்டில் முதல் பேத்திக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர். முதல் பேரனுக்கு அப்பாவின் அப்பா பெயர். எனவே எனக்கு அம்மாவின் மாமியார் பெயர், தம்பிக்கு அவளுடைய மாமனார் பெயர். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் மரியாதையான வழக்கங்கள். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்தபோது, பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரில் ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத நிலைக்கு அம்மா வந்து சேர்ந்தாள்.

அப்பாவும் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் பெயரைச் சொல்லித் திட்டினால் அவருடைய அம்மாவைத் திட்டியது போல் ஆகிவிடும். தம்பியைத் திட்டினால் சுவரில் மாட்டிய படத்திலிருந்து தாத்தா பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே நான் ‘அம்மிணி’, தம்பி ‘சாமி’. சில நாட்களில் நானும் சாமி. பால் ஊற்ற வருகிறவரும் சாமி, வயதான அத்தையும் சாமி, கோயிலில் இருப்பதும் சாமி. என் பெயரை ஒருவர் முழுசாகச் சொல்லி நான் முதலில் கேட்டது ஒன்றாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்தபோதுதான். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். உலகத்தார் பெயர்களைப் பற்றிக் கிடைத்த புத்தகத்தையெல்லாம் பிற்பாடு நான் படித்ததற்கு அந்தக் காலை ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்பாவுக்கு லாரித் தொழில். சங்ககிரியில் புக்கிங் ஆபீஸ். முதல் வண்டியின் நெற்றியில் என் பெயரை எழுதினார், இரண்டாவதில் தம்பி பெயரை. எங்கள் ஊர் மல்லசமுத்திரத்தில் அப்போது வீட்டுக்கு வீடு போன் கிடையாது. எங்கள் வீட்டில் இருந்தது. டிரைவர்கள் வழியில் நின்று பேசுவார்கள். என் பெயரைச் சொல்லி, அது ஓசூருக்குப் பக்கத்தில் ஆக்சில் போய் நிற்கிறது என்பார்கள். அம்மா போனை வைத்துவிட்டு வாசலுக்கு வருவாள்.

“ஏனுங்க, பச்சை வண்டி ஓசூருகிட்ட நிக்குதாமுங்க.”

நிறத்தை வைத்துச் சமாளிப்பது ஓடிக்கொண்டிருந்தவரை ஓடியது. பிறகு அப்பா இரண்டு வண்டிக்கும் ஒரே ஆரஞ்சு நிறத்தை அடித்துவிட்டார். அம்மா ஒரு வாரம் தடுமாறினாள். அதற்கப்புறம் வந்த தகவல்கள் இப்படி இருந்தன: “உங்கம்மாவுக்கு டயர் வெடிச்சுப் போச்சாமுங்க.” “உங்கப்பாவ ஆர்டிஓ புடிச்சு வெச்சிருக்கறாராம்.” புக்கிங் ஆபீஸில் இருந்தவர்கள் இதற்காகவே அப்பாவை வீட்டுக்குப் போன் போடச் சொல்வார்கள் என்று கேள்வி.

கோயிலிலும் இதே கதைதான். அப்பாவுக்கு வைத்திருப்பது மலைமேல் இருக்கும் ஒரு தெய்வத்தின் பெயர். அம்மா மாதம் தவறாமல் அந்த மலைக்குப் போகிறாள். ஆனால் யாரைப் பார்க்கப் போகிறாள் என்று அவள் சொன்னதில்லை. “மேல போயிட்டு வாரேன்” என்பாள். அர்ச்சனை யார் பெயருக்கு என்று பூசாரி கேட்டால், “சாமி பேருக்கே பண்ணீருங்க” என்பாள். அப்பா பெயரும் சாமி பெயரும் ஒன்றுதான் என்பதால், நாற்பது வருடமாக அப்பாவுக்குத் தெரியாமலே அவருக்கு அர்ச்சனை நடந்துவருகிறது.

இதெல்லாம் எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதைகள். தேர்க் கதைதான் இவற்றில் பெரியது.

திருச்செங்கோட்டு வைகாசித் தேர். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. தேர் நிலையிலிருந்து கிளம்பிய நெரிசலில் தம்பியைக் காணோம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, காணாமல் போனவர்களை அறிவிக்கிற மைக் பந்தலுக்கு ஓடினாள். மைக் முன்னால் இருந்தவர் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

“பையன் பேரு என்னங்கம்மா?”

“எங்க மாமனார் பேருதானுங்க.”

“செரி, மாமனார் பேரு என்ன?”

“அதை நான் எப்புடீங்க சொல்றது?”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்ப உங்க ஊட்டுக்காரரு பேரச் சொல்லுங்க. இன்னாரு மகன்னு போட்டுக்கறேன்.”

அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவரே, “அதுவும் முடியாதுங்களா” என்றார்.

நான்தான் இரண்டு பெயர்களையும் சொன்னேன். அவர் மூன்று தடவை அறிவித்தார். யாரும் வரவில்லை. தம்பி அப்போது பந்தலுக்குப் பின்னால், பத்தடி தூரத்தில், பஞ்சுமிட்டாய் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். ஒலிபெருக்கி அவன் தலைக்கு மேலேதான். வீட்டில் ஒருவரும் அந்தப் பெயரால் அவனைக் கூப்பிட்டதில்லை, பள்ளிக்கும் இன்னும் போகவில்லை. “வேற யாரோ பையன் தொலஞ்சு போயிட்டான்னு நெனச்சேன்” என்று பிறகு சொன்னான். பாவம் என்றுகூட நினைத்தானாம்.

கடைசியில் அம்மா மைக்கை இழுத்து, “சாமி, எங்க இருக்கற?” என்றாள். தேர்வீதி முழுக்க அது கேட்டது. தேருக்குக் கிட்ட இருந்த சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பல ஊர்களின் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவன் பந்தலுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தான்.

முப்பது வருடமாக இந்தக் கதையை விருந்தாளிகளுக்குச் சொல்லியிருக்கிறோம். அம்மாவும் கூடவே சிரிப்பாள். அவள் சிரிப்பதால் அவளுக்கும் அது வேடிக்கைதான் என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஐப்பசிக்கு வருகிறேன். தம்பிக்கு ஆண் குழந்தை பிறந்தது ஐப்பசி 9, வெள்ளிக்கிழமை, சேலத்தில். தம்பி மனைவிக்கு ஊர் ஆத்தூர். நாமக்கல்லில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். அவளுடைய அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆன சமயம் என்பதால், பிரசவம் முடிந்து ஆத்தூருக்குப் போகாமல் மல்லசமுத்திரத்துக்கே வந்தாள். குழந்தையைப் பார்த்த அன்றே ஆஸ்பத்திரி நடைபாதையில் அப்பா அறிவித்துவிட்டார்.

“பேருக்கொண்ணும் யோசிக்க வேண்டியதில்ல. முறைப்படி மூத்த பேரனுக்குத் தாத்தன் பேரு. எம்பேரு.”

அம்மா அப்போது குழந்தையின் நெற்றியில் மை வைத்துக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது. பிறகு மையைக் கன்னத்திலும் வைத்தாள்.

எங்கள் வழக்கத்தில் பெயர் வைக்கும் நாளன்று குழந்தையின் காதில் அந்தப் பெயரை மூன்று முறை சொல்கிற உரிமை அத்தைக்கு, அதாவது குழந்தையின் அப்பாவோடு பிறந்தவளுக்கு. அந்த அத்தை நான். யார் என்ன முடிவு செய்தாலும் கடைசியில் என் வாயிலிருந்து வருவதுதான் பெயர். இதனால் ஒரு மாத காலம் எனக்கு வீட்டில் நல்ல மரியாதை கிடைத்தது. அப்பா எனக்காகவே நாமக்கல்லிலிருந்து நாட்டுக்கோழி முட்டை வாங்கிவந்தார்.

தீபாவளி விடுமுறைக்குப் போயிருந்தபோது, ஐப்பசி 21 அன்று மத்தியானம், சாப்பாட்டில் இந்தப் பேச்சு மறுபடி வந்தது. நான் படித்ததையெல்லாம் எடுத்து வைத்தேன். இப்படி எடுத்து வைப்பது என்னுடைய பலவீனம். வீட்டில் இதற்கு ‘அம்மிணி ரேடியோ’ என்று பெயர்.

ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் அக்கான் மக்களுக்குள் பிறந்த கிழமைதான் முதல் பெயர் என்றேன். நம்ம பையன் அங்கே வெள்ளிக்கிழமை பிறந்திருந்தால் கோஃபி. கூட்டம் போட்டுப் பேச வேண்டியதே இல்லை.

“வெள்ளிக்கிழமை பொறந்தவனெல்லாம் ஒரே பேருன்னா, லோடு வந்தா ஆரு பேருல பில்லு போடறது?” என்றார் அப்பா.

பாலித் தீவில் முதல் பிள்ளைக்கு ஒரு பெயர், இரண்டாவதுக்கு ஒரு பெயர், நாலு வரைக்கும் இருக்கிறது, ஐந்தாவது பிறந்தால் மறுபடி முதல் பெயருக்கே வந்துவிடுவார்கள் என்றேன்.

“டயர் மாத்தற மாதிரி” என்றான் தம்பி.

கிரேக்க நாட்டில் நம்மைப் போலவே மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயரை வைக்கிற வழக்கம் உண்டு என்று நான் சொன்னது தவறாகப் போயிற்று. அப்பா எச்சில் கையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பாத்தியா. கிரீஸ்காரன் வெவரமானவன்.”

“ஆனா சீனாவுல பெரியவங்க பேர பிள்ளைக்கு வெச்சா அவமரியாதைப்பா. அந்த எழுத்துகூட வரக் கூடாதுன்னு பாப்பாங்க.”

“நம்ம ஊட்டு விசயத்துல சீனாக்காரன் எதுக்கு?”

தம்பி மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு குழந்தையைத் தொட்டிலில் போட்டாள். “கிரீஸ்காரர் மட்டும் வரலாமா மாமா?” என்று கேட்டாள்.

“அவரு நம்ம கட்சி, அம்மிணி” என்று மருமகளுக்குப் பதில் சொன்ன அப்பா, கையைக் கழுவிக்கொண்டே அடுத்ததைச் சொன்னார். நாமக்கல் பட்டறையில் பாடி கட்டிக்கொண்டிருந்த புது வண்டிக்கு நெற்றியில் பெயர் எழுதச் சொல்லிவிட்டாராம். பேரன் பெயர். அதாவது அவர் பெயர். முந்தாநாளே எழுதி முடித்தாயிற்று. “பெயிண்ட் காஞ்சு போச்சு. இனி மாத்தறதுக்கில்ல.”

உலகத்தில் பெயர் வைக்கும் முறைகளைப் பற்றி நான் ஓரளவு படித்திருக்கிறேன். பிள்ளையின் பெயரை முதலில் லாரிக்கு வைத்துக் காயவிட்டு, அதையே காரணமாகக் காட்டிப் பிள்ளைக்கு வைக்கும் முறை வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. சங்ககிரியைச் சுற்றி மட்டும் இருக்கலாம். அம்மா ரசச் சட்டியை இறக்கிவைத்தது அப்போதுதான்.

மறுநாள் காலையில் நானும் அம்மாவும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். பொதுவாகப் பலர் சொல்கிற வழியையே நானும் சொன்னேன். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்கட்டும். வீட்டில் கூப்பிட வேறொரு பெயர் வைத்துக்கொள்ளலாம்.

“எனக்கு ஊட்டுப் பேரு வேண்டாங் கண்ணு” என்றாள் அம்மா. “ஊட்டுப் பேருதான் எங்கிட்ட இருக்குதே, சாமின்னு. அதையே எல்லாத்துக்கும் போட்டுட்டு இருக்கறன். பள்ளிக்கூடத்துல எந்தப் பேரக் கூப்பிடறாங்களோ அது வேணும் எனக்கு. நான் வாசல்ல நின்னு கூப்பிட்டா அவன் மட்டும் திரும்பிப் பாக்கோணும்.”

நான் உரிப்பதை நிறுத்திவிட்டேன்.

“தேருல தொலஞ்சானே, அன்னைக்கு ஊரே கேக்கறாப்புல பேரச் சொல்றாங்க, அது அவந்தான்னு அவனுக்கே தெரியல. பெத்தவ கூப்பிட்டிருந்தாத்தான தெரியும்? நீங்க அதைச் சொல்லிச் சிரிப்பீங்க. நானுஞ் சிரிப்பேன். சிரிக்காம என்ன பண்றது?” வெங்காயத் தோலை ஊதித் தள்ளினாள். “ரெண்டு புள்ளைக போச்சு. இவனையாவது நான் கூப்பிடறேன்.”

அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, தென்னாப்பிரிக்காவின் சூலு மக்களில் மருமகள்கள் மாமனார் பெயரைச் சொல்லமாட்டார்கள், அந்தப் பெயரில் வரும் ஓசை வேறு சொல்லில் வந்தால் அந்தச் சொல்லையே மாற்றிவிடுவார்கள் என்றேன். கஜகஸ்தானிலும் பழைய காலத்து மருமகள்கள் புருசன் வீட்டார் ஒவ்வொருவருக்கும் தாங்களாக ஒரு பட்டப் பெயர் கட்டிக்கொள்வார்கள் என்றும் சொன்னேன்.

அம்மா யோசித்தாள். “அங்கயும் மாமியாருக இருக்கறாங்களா?”

“இருக்காங்க.”

“அப்பச் செரி” என்று அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். “அந்தப் பொம்பளைக தேருக்குப் போகாம இருக்கோணும்.”

என்ன பெயர் என்பது அம்மாவுக்குப் பொருட்டில்லை. எதுவாக இருந்தாலும் வாயில் வர வேண்டும், அவ்வளவுதான். தம்பி மனைவியிடம் கேட்டேன். அவள் போனில் குறித்துவைத்திருந்த ஒரு பெயரைக் காட்டினாள். இணையத்தில் பிள்ளைப் பெயர் என்று கொட்டிக்கிடப்பவற்றைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு. ஒரே பெயருக்கு ஒரு பக்கத்தில் சூரியன் என்றும் இன்னொரு பக்கத்தில் தேன் என்றும் பொருள் போட்டிருக்கும். அகராதியில் தேடினால் இரண்டும் இருக்காது. இது அப்படி இல்லை. நாலு எழுத்துத் தமிழ்ப் பெயர். பொருள் அகராதியில் இருக்கிறது. நான் இரண்டு அகராதிகளில் பார்த்தேன்.

“நான் ஆரம்பத்துலயே சொல்லியிருப்பேன் அண்ணி” என்றாள். “மாமா ஆசையா சொல்றாரு, நடுவுல போக வேணாம்னு விட்டுட்டேன். அத்தை வாயில அந்தப் பேரு வருமான்னு மொதல்ல பாருங்க.”

பார்க்க வேண்டியது நிறைய இருந்தது. அம்மா சொல்லக் கூடாத பெயர்கள் அப்பா, தாத்தா, பாட்டியோடு முடிவதில்லை. தாத்தாவின் அண்ணன் தம்பிகள், அப்பாவுடைய அண்ணன்கள், அத்தை வீட்டு மாமாக்கள் என்று அது விரிந்துகொண்டே போகும். இரண்டு நாட்கள் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டேன். சங்ககிரியில் இருக்கும் சின்னத் தாத்தா வீட்டில், “பேரு வெக்கறதுக்கா, இல்ல கேஸ் போடறதுக்கா?” என்று கேட்டார்கள். விசாரித்தவரை இரண்டு பக்கத்திலும் ஒரு பெரியவருக்கும் அந்தப் பெயர் இல்லை. அம்மாவிடம் சொன்னேன்.

அவள் கொல்லைப் பக்கம் போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். முதலில் மெதுவாக. அப்புறம், தோட்டத்தில் விளையாடுகிறவனைச் சாப்பிடக் கூப்பிடுவது போலச் சத்தமாக. பக்கத்து வீட்டுப் பெண் மதில்மேல் எட்டிப் பார்த்து, “ஆருங்க அது?” என்றாள்.

“இன்னும் வரல” என்றாள் அம்மா. உள்ளே வந்து என்னிடம், “வாயில நிக்குது” என்றாள்.

அப்பாவிடம் மட்டும் அது நிற்கவில்லை. முறை, கிரீஸ், பெயிண்ட் என்று மூன்றையும் மாற்றி மாற்றிச் சொன்னார். தம்பி நடுநிலை வகித்தான். “பேசி முடிச்சு வையுங்க, நான் டீசல் போட்டுட்டு வாரேன்” என்று இரண்டு முறை போய் வந்தான். இரண்டாவது முறை வண்டியை எடுக்காமலே போனான்.

முப்பதாம் நாள் சனிக்கிழமையாகப் போனதால், பெயர் வைப்பதை மறுநாள் கார்த்திகை 9, ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டோம். அக்கம்பக்கத்தார், ஆத்தூர்க்காரர்கள், புக்கிங் ஆபீஸில் நாலு பேர். வாசலில் புது வண்டி நின்றது. நெற்றியில் அப்பாவின் பெயர் பூச்செண்டுகளுக்கு நடுவில் மஞ்சளும் சிவப்புமாகப் பளபளத்தது. வந்தவர்களெல்லாம் அதைப் படித்துவிட்டு, “ஓ, இந்தப் பேருங்களா” என்றபடியே உள்ளே வந்தார்கள். அப்பா அதைத் திருத்தவில்லை.

குழந்தையை என் மடியில் வைத்தார்கள். அரைஞாண் கயிறு கட்டி, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தாயிற்று. வெற்றிலையை எடுத்துக் குழந்தையின் காதோரம் மறைத்துப் பிடித்தேன். குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். எதிரில் நாற்காலியில் அப்பா.

“சொல்லு அம்மிணி. எம்பேரையே சொல்லு” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

அப்பாவைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன். அம்மா தூணுக்குப் பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். அந்தக் கிண்ணத்தைத் திண்ணை மேல் வைத்தாள். தெருவில் விளையாடுகிற பையனைக் கூப்பிடுகிற அதே குரலில், அப்பாவின் பெயரை, வெறும் பெயராக, முழுசாகச் சொன்னாள். “இங்க வா” என்று சேர்த்துக்கொண்டாள்.

அப்பா எழுந்துவிட்டார்.

எழுந்தது மட்டுமில்லை, இரண்டு எட்டு வைத்துவிட்டார். “என்ன?” என்றார். அதற்கப்புறம்தான் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்தது. அப்படியே நடுவில் நின்றார். புக்கிங் ஆபீஸ்காரர் ஒருவர் கையிலிருந்த டம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

“பாத்தீங்களா” என்றாள் அம்மா, பழைய மரியாதைக்குத் திரும்பி. “பேரன் தூங்கீட்டிருக்கறான். நீங்க எந்திரிச்சு வாரீங்க. இந்தப் பேருக்கு இந்த ஊட்டுல ஆள் இருக்குதுங்க. இன்னொரு ஆள் எதுக்குங்க?”

முதலில் சிரித்தவன் தம்பி. பிறகு ஆத்தூர்க்காரர்கள். அப்பா நின்ற இடத்திலிருந்தே திரும்பிப் போய் உட்கார்ந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். காதுமடல் சிவந்திருந்தது.

“அவளுக்கு வேண்டிய பேரையே சொல்லு” என்றார் என்னிடம்.

நாலு எழுத்துப் பெயரை மூன்று முறை சொன்னேன். அடுத்தபடியாக அம்மா குனிந்து, வெற்றிலை இல்லாமலே, அவன் காதில் சொன்னாள். அவள் எத்தனை முறை சொன்னாள் என்று நான் குறித்துவைக்கவில்லை.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, அப்பா புது வண்டியின் பக்கத்தில் நின்று நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய், “பேர மாத்தி எழுதோணுமாப்பா?” என்று கேட்டேன்.

“எதுக்கு? வண்டிக்கு ஆள் வேணுமல்ல” என்றார். பிறகு வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்: “பையனுக்கு வெச்சா ஒரு நாளில்லாட்டி ஒரு நாள் கூப்பிட்டுத்தான ஆகோணும்னு நெனச்சேன். பேரனக் கூப்பிடாம எத்தன நாளைக்கு இருப்பா?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முறையும் இல்லை, கிரீஸும் இல்லை. தன் பெயரை அம்மா வாயால் கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அதை நேராகக் கேட்க முடியாமல் பேரனைச் சுற்றி, நாமக்கல் பட்டறையைச் சுற்றி வந்திருக்கிறார். லாரிக்காரர் என்பதால் சுற்றுவழி அவருக்கு நீளமாகப் படவில்லை போல.

“இன்னைக்குத்தான் கூப்பிட்டாங்களே” என்றேன்.

“கூப்பிட்டா. எந்திரிச்சுட்டேன்” என்றார். “இது ரெண்டாந்தடவை.”

முதல் தடவை எப்போது என்று கேட்டேன். பித்தப்பைக் கல்லுக்காகச் சேலத்தில் அவருக்கு ஆபரேஷன் நடந்ததே, அன்றைக்கு. தள்ளுவண்டியில் வைத்து உள்ளே கொண்டுபோகும்போது, கதவு சாத்துவதற்குள், பின்னாலிருந்து அம்மா அவர் பெயரைச் சொன்னாளாம். ஒரே ஒரு முறை. திரும்பிப் பார்க்க முடியாமல் படுக்க வைத்திருந்தார்களாம்.

அன்று இரவே அம்மாவிடம் கேட்டேன். “மயக்க ஊசி போட்டாப் பல சத்தங் கேக்கும்” என்றாள். சந்தனக் கிண்ணத்தைக் கழுவி முடிக்கும் வரை என் பக்கம் திரும்பவில்லை.

புது வண்டியை இப்போது அவள் ‘நீல வண்டி’ என்கிறாள். அப்பா அடுத்தமுறை எந்த நிறம் அடிப்பதென்று யோசித்துக்கொண்டிருக்கிறார். பேரனை நாளுக்குப் பல தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவன் இன்னும் திரும்பிப் பார்க்கிற வயதுக்கு வரவில்லை.

ஆபரேஷன் நடந்த தேதி என்னிடம் இருக்கிறது: மாசி 3, திங்கள். தம்பி அந்த நேரத்தில் மருந்துக் கடையில் வரிசையில் நின்றிருந்தான். நான் சேலம் ஐந்து ரோடு சிக்னலில் நின்றிருந்தேன். கதவருகே இருந்த செவிலியர் யாரென்று தெரியவில்லை. மயக்க ஊசி கதவுக்கு வெளியே போட்டார்களா, உள்ளே போன பிறகா என்று அப்பாவுக்கு நினைவில்லை. எனவே அம்மா அன்று அப்பாவின் பெயரைச் சொன்னாள் என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.